முன்னூத்திப் பன்னெண்டாவது திருத்தம்

என் ஓரகத்தி நல்லவ. கெட்டவளா இருந்திருந்தா எனக்கு எவ்வளவோ சுலபமா இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டிட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேன். நல்லவளைப் பார்த்து வயிறு எரியறது இருக்கே, அதை யார்கிட்டப் போய்ச் சொல்றது? சொன்னா நம்மளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பாங்க.

என் கொழுந்தனைக் கட்டிக்கிட்டு அவ இந்த வீட்டுக்கு வந்து மூணு வருஷம் ஆகுது. வீட்டுல நான் பெரியவ, அவ சின்னவ. மாடியில நாங்க, கீழ அவங்க. நான் என்ன வேலை பார்க்கறேன்னு என் மாமியாருக்கு ரொம்ப வருஷமாப் புரியவே இல்ல. "பெரியவ ஆபீஸ்ல ஸ்விட்ச் எல்லாம் பார்த்துக்கறா"ன்னு தெருவுல சொல்லி வச்சிருந்தாங்க. ஒரு நாள் எதிர்வீட்டம்மா ஃபேன் ஓடலன்னு ஸ்குரூடிரைவரைத் தூக்கிக்கிட்டு என்னைத் தேடி வந்துட்டாங்க. சின்னவ வந்த ரெண்டாவது வாரமே ஒரு காகிதத்துல கட்டம் கட்டமாப் போட்டு, கேபிள் எங்கேருந்து எங்க போகுதுன்னு கோடு இழுத்து, மாமியாருக்கு விளக்கிட்டா. இப்ப அவங்க எதிர்வீட்டம்மாவுக்கே பாடம் எடுக்கறாங்க. எனக்கு இத்தனை நாள் இது தோணலையேன்னு நான் வெட்கப்பட்டிருக்கணும். எங்க வெட்கப்பட்டேன்? எரிஞ்சேன்.

அவளுக்கு என் ஆபீஸ்ல வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். "நீ படிச்சதைத்தானே அவளும் படிச்சிருக்கா, ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்"னு என் வீட்டுக்காரர் ஆரம்பிச்சார். மாட்டேன்னா காரணம் சொல்லணும். எரிச்சல்னு ஒரு காரணத்தை யாராவது வெளிய சொல்வாங்களா? சிபாரிசு பண்ணேன்.

எங்களுது ரத்தப் பரிசோதனைக் கூடம். அஞ்சு மாடி. கீழ ரத்தம் எடுப்பாங்க, மேல மெஷின்ல சோதிப்பாங்க. ஒவ்வொரு குழாய்லயும் ஒட்டியிருக்கற பார்கோடு சீட்டை மெஷின் படிச்சு, இது யாரோட ரத்தம், என்ன பார்க்கணும்னு கம்ப்யூட்டர்கிட்டக் கேட்டுக்கும். இந்தப் பேச்செல்லாம் போற பெட்டிதான் ஸ்விட்ச். மாடிக்கு ஒண்ணு. அந்த ஒரே பெட்டிக்குள்ள மெஷினுக்குத் தனித் தடம், பில் கவுண்டருக்குத் தனித் தடம், டெலிபோனுக்குத் தனித் தடம், காத்திருக்கறவங்க பார்க்கற வைஃபைக்குத் தனித் தடம்னு பிரிச்சு வச்சிருக்கோம். வீலேன்னு சொல்வோம். மொத்தம் பதினொண்ணு. மாடிக்கு மாடி எல்லாத் தடத்தையும் ஒண்ணா ஏத்திக்கிட்டுப் போற கேபிளுக்கு டிரங்க்னு பேரு.

கடையிலேருந்து வந்தபடியே விட்டா, இந்தப் பெட்டிங்க எவன் வந்து சொருகினாலும் தானாப் பேசி டிரங்க் போட்டுக்கும். ஊர் பேர் கேட்காது. நான் சேர்ந்த முதல் வருஷம், கேபிள் சொருகற இருநூத்தி நாப்பது போர்ட்டையும் ஒண்ணொண்ணாத் தொட்டு அந்தப் பேச்சை நிறுத்தினேன். எது டிரங்க்னு நான் சொல்லணும், நீங்களா முடிவு பண்ணக் கூடாது. என் சுபாவம் அப்படி. வீட்டுலயும் அப்படித்தான்னு என் வீட்டுக்காரர் சொல்வார்.

ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டு வச்சிருந்தேன். தடங்களோட பட்டியலை ஒரு பெட்டி மத்த பெட்டிங்களுக்குத் தானே சொல்லிக்கும். ஒரு பெட்டியில தடம் சேர்த்தாப் போதும், அஞ்சு மாடிக்கும் போயிடும். பட்டியலைத் திருத்தும்போதெல்லாம் ஒரு எண் கூடிக்கிட்டே வரும். ஒரே குழுப் பேர் வச்சிருக்கற ரெண்டு பெட்டி டிரங்க்ல சேர்ந்தா, எண் எதுக்குப் பெருசோ அதோட பட்டியல்தான் செல்லும். மத்ததெல்லாம் தன்னோடதை அழிச்சுட்டு அதை எழுதிக்கும். எது சரின்னு பார்க்காது, எது பெருசுன்னு மட்டும் பார்க்கும். இது ஆபத்துன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடத்தை அஞ்சு மாடியிலயும் அஞ்சு தடவை யார் எழுதறதுங்கற சோம்பல்ல விட்டுட்டேன்.

சின்னவ சேர்ந்த புதுசுல ஸ்டோர் ரூம்ல கிடந்த ஒரு பழைய ஸ்விட்சை எடுத்துத் தூசி தட்டி மேஜை மேல வச்சுக்கிட்டா. எங்க நாலாம் மாடியிலேருந்து கழட்டினது. தினமும் மதியம் டப்பாவைத் திறந்து ஒரு கையால சாப்பிட்டுக்கிட்டே இன்னொரு கையால அதைத் தட்டிக்கிட்டிருப்பா. தடம் போடுவா, அழிப்பா, மறுபடி போடுவா. "என்னடி, அதைக் கட்டிக்கிட்டா குடும்பம் நடத்தப் போற?"ன்னு கேட்பேன். சிரிப்பா. சந்தேகம் கேட்பா. நான் பாதி பதில் சொல்வேன், மீதியை அவளே கண்டுபிடிச்சுட்டு வந்து, "அக்கா, நீங்க சொன்னது இப்பத்தான் முழுசாப் புரிஞ்சுது"ம்பா. என் பதில் பாதிதான்னு அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஆறே மாசத்துல ஒவ்வொரு மாடிக்கும் கலர்ல ஒரு படம் வரைஞ்சா. எந்த மெஷின் எந்தப் போர்ட், எந்தத் தடம்னு பார்த்த உடனே தெரியும். லேப்ல இருக்கறவங்க அதைச் சுவத்துல ஒட்டிக்கிட்டாங்க. என்கிட்டயும் எல்லா விவரமும் இருக்கு, ஒரு நோட்டுல, என் கையெழுத்துல. அதை என்னைத் தவிர ஒரு ஜீவனும் படிக்க முடியாது. கொஞ்ச நாள்ல எல்லாரும் அவ எண்ணுக்கே போன் பண்ண ஆரம்பிச்சாங்க. நான் எடுத்தா, "சின்ன மேடம் இல்லீங்களா?"ன்னு கேட்பாங்க. போனை வைக்கும்போது எனக்குக் காதுல புகை வரும்.

இந்த லட்சணத்துல போன மாசம் மேனேஜர் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். "ஒண்ணாம் தேதியிலேருந்து ஸ்விட்சை மாத்தற உரிமை ஒருத்தர்கிட்டதான் இருக்கணும்னு மேலிடத்து உத்தரவு. இன்னொருத்தர் எது வேணும்னாலும் அவங்ககிட்ட எழுதிக் கேட்டு வாங்கணும். யாருன்னு இந்த மாசம் பார்த்துட்டுச் சொல்றேன்"னார். என்னத்தைப் பார்க்கணுமாம்? ஒன்பது வருஷமாப் பார்க்காத எதை இந்த முப்பது நாள்ல பார்க்கப் போறார்? நான் அவகிட்ட எழுதிக் கேட்கறதை நினைச்சுப் பார்த்தேன். மதிப்பிற்குரியன்னு ஆரம்பிக்கணுமா?

வீட்டுல என் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். "யாருக்கு வந்தா என்ன, ரெண்டு பேரும் நம்ம வீட்டு ஆளுங்கதானே"ன்னார். அந்த வாரம் அவர் சட்டைக்கு நான் இஸ்திரி போடல.

மாசக் கடைசி சனிக்கிழமை, மூணாம் மாடி ஸ்விட்ச் கருகின வாசனையோட உயிரை விட்டுடுச்சு. புதுசு வர நாலு நாள் ஆகும். மூணாம் மாடி மெஷின்களோட வேலையையும் நாலாம் மாடியே சேர்த்துப் பார்த்தா எத்தனை நாளைக்குத் தாங்கும்? மேனேஜர் போன்ல சொன்னார்: "அந்தப் பழைய ஸ்விட்சையே போட்டுடலாம். நாளைக்கு மதியம் ரெண்டு மணிக்கு, கூட்டம் குறைஞ்சதும். சின்ன மேடமே போடட்டும். நீங்க ஒரு தடவை சரிபார்த்துடுங்க." எங்க வழக்கம் அது. ஒருத்தர் போடுவாங்க, ஒருத்தர் சரிபார்ப்பாங்க. இத்தனை வருஷமாப் போடறவ நான்தான்.

ஞாயித்துக்கிழமை மதியம். மூணாம் மாடியில லிஃப்ட் பக்கத்துல இருக்கற சின்ன அறை, ஏசி காத்து முதுகுல அடிக்குது. சின்னவ எல்லாத்தையும் தயார் பண்ணி வச்சிருந்தா. நாப்பத்தெட்டு போர்ட்டும் செத்துப் போனதுல இருந்த மாதிரியே அச்சு அசலா எழுதியிருந்தா. குறை சொல்லலாம்னு வரி வரியாத் தேடினேன், கிடைக்கல. "அக்கா, ஒரு தடவை பார்த்துடுங்க, நீங்க பார்த்தாத்தான் எனக்குத் தைரியம்"னு திரையை என் பக்கம் திருப்பினா.

கடைசியில பட்டியல் விவரம் இருந்துச்சு. குழுப் பேர் எங்க பேரேதான், நாலாம் மாடியில இருந்த காலத்துலேருந்து யாரும் மாத்தல. அதுக்குக் கீழ திருத்த எண். முன்னூத்திப் பன்னெண்டு.

எங்க கட்டடத்தோட எண் தொண்ணூத்தாறு. ஒன்பது வருஷத்துல நான் திருத்தினது அவ்வளவுதான். இவ ஒரே வருஷத்துல, ஒரு கையால சாப்பிட்டுக்கிட்டு, முன்னூத்திப் பன்னெண்டு. சத்தியமாச் சொல்றேன், எனக்கு முதல்ல ஆபத்து தோணல. இவ்வளவு உழைச்சிருக்காளேன்னுதான் தோணிச்சு, தோணினதும் அடிவயித்துல பத்திக்கிட்டு வந்துச்சு. ஆபத்து அதுக்கப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. இப்படியே சொருகினா அவ பட்டியல் அஞ்சு மாடியையும் அழிச்சுடும். அதைத் தடுக்க அரை நிமிஷ வேலைதான். குழுப் பேரை ஒரு தடவை மாத்தி, திருப்பி எழுதினா எண் பூஜ்யத்துக்குப் போயிடும். "எண்ணை அழிச்சியாடி?"ன்னு நான் கேட்டாப் போதும்.

நான் கேட்கல. "உனக்குத் தெரியாததா?"ன்னேன்.

குத்தலாத்தான் சொன்னேன். அவ முகத்தைப் பார்க்கணுமே. அப்படியே மலர்ந்து போச்சு. "அக்கா, நீங்க இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல"ன்னா. சொல்லிட்டுக் கேபிளைக் கையில எடுத்தா.

நான் போட்ட கணக்கையும் சொல்லிடறேன். அஞ்சு நிமிஷம் எல்லாம் நிக்கும், எல்லாரும் கத்துவாங்க, நான் நோட்டைத் திறந்து பதினொரு தடத்தையும் திரும்ப எழுதுவேன். யாரு வேணும்னு மேனேஜருக்குப் புரிஞ்சுடும். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு மெஷின் எல்லாம் சும்மாத்தான் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நாலாம் மாடிக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். போன் என் கைக்கு எட்டற தூரத்துலதான் இருந்துச்சு.

சொருகினா. விளக்கு மஞ்சளா எரிஞ்சு பச்சைக்கு வந்துச்சு. முதல்ல கீழ் கவுண்டர்லேருந்து சத்தம், அப்புறம் படிக்கட்டுல யாரோ ஓடற சத்தம். சின்னவ தட்டிப் பார்த்தா. "அக்கா, பதினோரு தடத்துல ஒண்ணு கூட இல்ல. வேற நாலு இருக்கு"ன்னா. "அது என்னோட நாலு."

பழகறதுக்குப் போட்ட தடங்களுக்கு அவ எங்க வீட்டைத்தான் பேரா வச்சிருந்தா. மாடிவீடு, கீழ்வீடு, சமையல்கட்டு, மொட்டைமாடி. அஞ்சு மாடிக் கட்டடம் முழுக்க அந்த நாலு பேர்தான் இருந்துச்சு.

கேபிளைப் பிடுங்கினா. பிடுங்கி என்ன பிரயோஜனம், எல்லாப் பெட்டியும் அதுக்குள்ள எழுதிக்கிச்சு. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு தடமா எழுத எழுத ஒவ்வொரு துறையா உயிர் வந்துச்சு. அவ பின்னாடி நின்னு கையேட்டைப் புரட்டிக்கிட்டிருந்தா. திடீர்னு, "அக்கா, எண்ணு! என் பெட்டியோட எண்ணு பெருசு, அதான்"னா. "ம்"னேன். இருபத்திரண்டு நிமிஷம் ஆச்சு. மேனேஜர் வீட்டுலேருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தப்போ, கடைசித் தடத்தை நான் எழுதிக்கிட்டிருந்தேன். "நல்லவேளை, நீங்க இருந்தீங்க"ன்னார். இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இவ்வளவும். சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஒரு அஞ்சு நிமிஷத்துக்கு.

அப்புறம் லேப் டாக்டரம்மா இறங்கி வந்தாங்க. மூணாம் மாடி வேலை எல்லாம் சேர்ந்து நாலாம் மாடியில குவிஞ்சிருந்ததால, ஞாயித்துக்கிழமைன்னும் பார்க்காம அங்க மெஷின் நிறைய ஓடிக்கிட்டிருந்திருக்கு. பாதியில தொடர்பு அறுந்து, எந்த முடிவு யாரோடதுன்னு பதியாமலே போயிடுச்சு. "என்னால பொருத்திப் பார்த்துக் கையெழுத்துப் போட முடியாது. நூத்திப் பதினெட்டுப் பேர்கிட்ட மறுபடி ரத்தம் எடுக்கணும். அதுல பதினாலு கைக்குழந்தைங்க"ன்னாங்க. யாரையும் திட்டல. சொல்லிட்டுப் போயிட்டாங்க.

மறுநாள் காலையில மேனேஜர் அறையில நானும் சின்னவளும் உட்கார்ந்திருந்தோம். அவ கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. ரெண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொண்டு வந்திருந்தா. என்ன நடந்துச்சு, ஏன் நடந்துச்சு, பட்டியல் தானாப் போறதை அஞ்சு மாடியிலயும் எப்படி நிறுத்தணும், எல்லாம் படத்தோட. மேனேஜர் படிச்சுட்டு, "தப்பு பண்ணாலும் காரணத்தை எப்படிப் பிடிச்சிருக்காங்க பாருங்க"ன்னு என்கிட்டயே நீட்டறார். தப்பு பண்ணியும் பாராட்டு வாங்கறவளை நீங்க பார்த்திருக்கீங்களா?

"சரிபார்த்தவர்னு போட்டிருக்கற இடம் காலியா இருக்கே?"ன்னார்.

"அக்காகிட்ட நான் திரையைக் காட்டவே இல்ல சார். அவசரப்பட்டுட்டேன். முழுக்க என் தப்புதான்"னா சின்னவ.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எதுக்குப் பொய் சொல்றா? அவ என் பக்கம் திரும்பாம உட்கார்ந்திருந்தா. அப்புறம்தான் விளங்கிச்சு. நான் பார்த்தும் கவனிக்காம விட்டுட்டேன்னு நினைச்சுக்கிட்டு, ஒன்பது வருஷ அனுபவக்காரிக்கு அந்தக் கெட்ட பேர் வரக் கூடாதுன்னு மூடி மறைக்கறா.

மேனேஜர் பேனாவை மூடினார். "சரி. நேத்துக் கை கொடுத்தது நீங்கதான். ஒண்ணாம் தேதியிலேருந்து உரிமை உங்ககிட்ட. இவங்க கொஞ்ச நாள் ஸ்டோர் கணக்கைப் பார்க்கட்டும்." அவ்வளவுதான், கிடைச்சுடுச்சு. ரெண்டு நிமிஷம் அது என் கையில இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டு எழுந்து வந்திருந்தா இன்னிக்கும் இருந்திருக்கும்.

அவர் நல்லெண்ணத்துலதான் சொன்னார்: "நீங்க ரொம்ப மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. அவங்க காட்டியிருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இந்த எண் விவகாரத்தையே இவங்கதானே கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க."

சின்னவளும் மெல்ல, "ஆமா சார், அக்காவுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல"ன்னா.

"தெரியும்"னேன்.

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தாங்க. "அவ திரையைக் காட்டினா. நானும் பார்த்தேன். அதோட எண் முன்னூத்திப் பன்னெண்டு, நம்மளுது தொண்ணூத்தாறு. சொருகினா என்ன ஆகும்னு இவ இங்க வர்றதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே எனக்குத் தெரியும்."

மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொன்னேன்னு சொல்லிக்க எனக்கும் ஆசைதான். அது பொய். எனக்குத் தெரியாதுன்னு, அதுவும் அவளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதுன்னு, ஒருத்தர் சொல்றதைக் கேட்டுக்கிட்டு என்னால உட்கார்ந்திருக்க முடியல. சொல்லி முடிச்சப்புறம்தான் என்ன சொல்லிட்டேன்னே எனக்கு உறைச்சுது.

"தெரிஞ்சுமா?"ன்னார் மேனேஜர்.

சின்னவ மேஜை மேல இருந்த அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா. அப்புறம், "ஏன்க்கா?"ன்னா.

"பொறாமை. வேற என்ன? நீ வீட்டுக்கு வந்த நாள்லேருந்து பொறாமை"ன்னேன். இவ்வளவு சுலபமா வாயிலேருந்து வரும்னு நான் நினைக்கவே இல்ல.

அவ அழல. தன் கையையே பார்த்துக்கிட்டிருந்தா. "தினம் அந்தப் பெட்டியோட எதுக்கு மல்லுக்கட்டினேன்னு நினைச்சீங்க?"ன்னா. "எனக்கு ஒண்ணும் வராது, நான் உங்களுக்குப் பாரம்னு நீங்க நினைக்கறீங்கன்னு இருந்தேன். ஒரு நாளாவது பரவாயில்லடின்னு உங்க வாயால சொல்லிட மாட்டீங்களான்னுதான்க்கா. நேத்துச் சொன்னீங்க. உடனே சொருகிட்டேன்."

மேனேஜர் அவளை வெளிய போகச் சொன்னார். உரிமை அவளுக்கு எழுதினார், என் பேரை அன்னிக்கே எல்லாப் பெட்டியிலேருந்தும் எடுக்கச் சொன்னார். எடுத்ததும் அவதான். அப்புறம் லேப்லேருந்து வந்த பட்டியலை என் முன்னாடி வச்சார். நூத்திப் பதினெட்டு பேர், பேருக்கு நேரா போன் எண். "ஒவ்வொருத்தரையும் நீங்களே கூப்பிட்டு மறுபடி வரச் சொல்லுங்க. மெஷின் கோளாறுன்னு சொன்னாப் போதும்"னார்.

குழந்தைங்க பேர்தான் முதல்ல இருந்துச்சு. முதல் எண்ணுக்குப் போட்டேன். சின்ன வயசு அம்மா ஒருத்தியோட குரல், பக்கத்துல குழந்தை சிணுங்கற சத்தம். விஷயத்தைச் சொன்னேன்.

"மறுபடியுமா? நரம்பு கிடைக்காம மூணு இடத்துல குத்தினாங்க மேடம். இன்னும் கை நீலமா இருக்கு. யார் பண்ண தப்பு இது?"

"நான் பண்ணதும்மா"ன்னேன்.

திட்டுவான்னு காத்துக்கிட்டிருந்தேன், திட்டினா நல்லா இருக்கும்னு கூட இருந்துச்சு. குழந்தையைத் தோள் மாத்திப் போட்டுக்கற சத்தம் கேட்டுச்சு.

"எத்தனை மணிக்குத் தூக்கிட்டு வரணும்?"னு கேட்டா.